அடியில் ஒட்டியதைக் கழுவி ஊற்றாதீர்கள்: சமையலறைக் கேள்வி பதில்

போன இதழில் பிரெஞ்சு வெங்காய சூப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு செய்து பார்த்தவர்கள், செய்யலாமா என்று யோசிப்பவர்கள், இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் என்று புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டதால் இந்த முறை எல்லாப் பக்கங்களும் அதற்கே. ஆவக்காய் பூஞ்சை பிடிப்பது பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதைப் பார்த்து வெங்காய சூப் செய்தேன். இனிப்பாக, தண்ணியாக, வெங்காயம் வேகவைத்த தண்ணீர்போல இருந்தது. வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு ரசம் இருக்கிறதா என்றார். நாங்கள் சைவம், அதனால் எலும்பு வேகவைத்த தண்ணீர் எதுவும் சேர்க்கவில்லை. எங்கே கோட்டை விட்டேன்?
– வாசகி, கடலூர் முதுநகர்

எவ்வளவு நேரம் வதக்கினீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் இனிப்பு, தண்ணி என்று இரண்டு வார்த்தை சொன்னீர்கள் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிட்டது. வெங்காயம் கண்ணாடிப் பதத்துக்கு வந்ததும் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள். நம் குழம்புக்கு அந்தப் பதம் போதும், ஏனென்றால் புளியும் மிளகாயும் மல்லியும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. இந்த சூப்பில் அப்படிக் கைகொடுக்க வேறு யாரும் கிடையாது. வெங்காயம் ஒன்றுதான், அதிலிருந்தே நிறம், மணம், ருசி மூன்றையும் எடுத்தாக வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்க வேண்டியிருக்கும். குறுக்கு வழி இல்லை.

நாலு பேருக்கு 1 கிலோ பெரிய வெங்காயம் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம்தானே என்று 2 வெங்காயம் போட்டால் கடைசியில் கரண்டியில் ஒன்றும் மிஞ்சாது, அது கால் பங்காகச் சுருங்கும். மெல்லிசாக நீளவாக்கில் நறுக்குங்கள். அடி கனமான ஸ்டீல் அல்லது இரும்புச் சட்டியில் 50 கிராம் வெண்ணெய், ஒரு ஸ்பூன் எண்ணெய். நான்ஸ்டிக் வேண்டாம், அதில் எதுவும் ஒட்டாது, நமக்கு ஒட்டத்தான் வேண்டும். வெங்காயத்தையும் அரை ஸ்பூன் உப்பையும் போட்டுக் கிளறி மூடி, சின்னத் தீயில் கால் மணி நேரம் விடுங்கள். திறந்து பார்த்தால் சட்டி நிறைய தண்ணீர் நிற்கும். பயப்பட வேண்டாம், வெங்காயத்தில் 100க்கு ஏறக்குறைய 90 பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் இருக்கிற வரைக்கும் சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, 100 டிகிரியில் வெங்காயம் வேகுமே தவிர சிவக்காது. நன்றாகச் சிவக்க 140 டிகிரி பக்கம் போக வேண்டும். அங்கேதான் வெங்காயத்தின் சர்க்கரையும் அதிலிருக்கிற புரதக் கூறுகளும் சேர்ந்து, முன்பு இல்லாத நூற்றுக்கணக்கான மணங்களை உண்டாக்குகின்றன. 1912இல் இதை முதலில் விளக்கி எழுதியவர் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், இன்றும் அவர் பேரில்தான் இந்த வினையைச் சொல்கிறார்கள். நம் வீட்டு முறுகல் தோசையில் நடப்பதும் இதுவேதான்.

சரி, மூடியை எடுத்தாயிற்று. இனி மிதமான தீ. தண்ணீர் வற்றியதும் சட்டியின் அடியில் ஒரு பழுப்புப் படலம் பிடிக்க ஆரம்பிக்கும். நாம் அடிப்பிடிக்கிறதே என்று பதறி அடுப்பை அணைக்கிற இடம் இது. அணைக்காதீர்கள். இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளியுங்கள், சுர்ரென்று ஆவி கிளம்பும், உடனே மரக் கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். அந்தப் பழுப்பு கரைந்து வெங்காயத்தில் ஏறிக்கொள்ளும். மறுபடி வற்றும், மறுபடி ஒட்டும், மறுபடி தெளித்துச் சுரண்டுங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால் வெங்காயம் முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் தேன் நிறம், அப்புறம் கருப்பட்டிக்கு ஒரு படி முன்னால் வந்து நிற்கும், தெரு வரைக்கும் மணக்கும். அதைத் தாண்டிக் கறுத்தால் கசப்பு வந்துவிடும், எதைப் போட்டாலும் போகாது. சீக்கிரம் சிவக்க வேண்டும் என்று ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நிறம் சீக்கிரம் வரத்தான் செய்யும், ஆனால் வெங்காயம் கொழகொழவென்று கூழாகிவிடும். எனக்கு அது சம்மதமில்லை.

எலும்புத் தண்ணீருக்குப் பதில்: 100 கிராம் காளானை நறுக்கி, எண்ணெய் விடாமல் வெறும் வாணலியில் தண்ணீர் சுண்டி ஓரம் சிவக்கிற வரை வறுத்து, அதில் 1¼ லிட்டர் தண்ணீர், ஒரு கேரட், ஒரு பிரிஞ்சி இலை, தட்டிய மிளகு, இரண்டு பல் பூண்டு போட்டு அரை மணி கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கறியில் இருக்கிற அந்த அடிநாக்கு ருசி காளானிலும் உண்டு. பிரான்சில் இதில் தைம் என்ற தழை போடுவார்கள். அது கிடைக்கவில்லையென்று யாரும் வருத்தப்பட வேண்டாம், தைமுக்கு அந்த மணத்தைத் தருகிற தைமோல் என்ற சத்து நம் ஓமத்திலும் இருக்கிறது. ஆனால் ஓமம் வீரியம் கூட, நாலு பேர் சூப்புக்கு நாலைந்து விதை போதும். ஒரு ஸ்பூன் போட்டால் குழந்தைக்கு வயிற்றுவலி மருந்து ஆகிவிடும்.

சிவந்த வெங்காயத்தில் ஒரு ஸ்பூன் மைதா தூவி ஒரு நிமிஷம் கிளறி, வடிகட்டிய தண்ணீரை ஊற்றி 20 நிமிஷம் கொதிக்கட்டும். இறக்குகிற நேரத்தில் ஒரு ஸ்பூன் வினிகர். இதை விடாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் ரசம் கேட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். புளிப்பு இல்லாத நீர்ப் பண்டம் நம் நாக்குக்குச் சப்பென்றுதான் படும்.

மேலே போடுகிற ரொட்டி முந்தின நாள் ரொட்டியாக இருப்பது நல்லது. ஓவன் இல்லாவிட்டால் தோசைக்கல்லில் துண்டுகளை இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சுட்டு, சீஸைத் துருவிப் போட்டு இரண்டு நிமிஷம் மூடி வைத்தால் உருகிவிடும், அப்படியே சூப்பின் மேல் மிதக்கவிடுங்கள். பிரான்சில் கிரூயேர் என்ற சீஸ் போடுவார்கள். ஆரோவில் பக்கம் செய்கிற முற்றிய சீஸ் கிடைத்தால் அருமை, இல்லாவிட்டால் சாதாரண சீஸ் போதும்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா? இரண்டும் ஒன்றுதானே?
– வாசகர், வில்லியனூர்

ஒன்றில்லை. வெண்ணெயில் 100க்கு 80 பங்கு சொச்சம் கொழுப்பு, 16 பங்கு போலத் தண்ணீர், மீதி பாலின் திடப்பொருள். நெய் காய்ச்சும்போது தண்ணீர் போய்விடும், திடப்பொருள் கசடாக அடியில் தங்கிவிடும், அதை வடிகட்டி எடுத்துவிடுகிறோம். பொரிக்க, வதக்க நெய் தாராளமாகப் போடுங்கள், சீக்கிரம் கருகாது. ஆனால் குழம்பை இறக்கியபின் கடைசியாகக் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டுக் கலக்கிப் பளபளவென்று கெட்டியாக்குவது பிரெஞ்சு சமையலில் அடிக்கடி வரும். அதற்கு வெண்ணெய்தான் வேண்டும், நெய் போட்டால் மேலே எண்ணெயாக மிதக்கும். இன்னொன்று, எண்ணெய் கலந்தால் வெண்ணெய் கருகாது என்று பல புத்தகங்களில் இருக்கிறது. கருகுவது பால் திடப்பொருள், பக்கத்தில் எண்ணெய் இருக்கிறதே என்று அது கருகாமல் இருக்காது. எண்ணெய் சேர்ப்பதால் சட்டியில் வெண்ணெயின் அளவு குறைகிறது, அவ்வளவே. தீயைக் குறைப்பதுதான் வழி.

கடையில் வாங்குவது உப்பு வெண்ணெய் என்றால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்.

என் மகன் பிரான்சில் படிக்கிறான். அங்கே நாலு சாமான் வைத்துக் கோழி செய்கிறார்களாம், அவ்வளவு ருசியாம். இங்கே நான் செய்தால் பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கிறது. மசாலா இல்லாமல் கோழிக்கு ருசி வருமா?
– வாசகி, லாஸ்பேட்டை

வரும். ஆனால் கோழியைத் தோல் உரித்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, கழுவி, ஈரத்தோடு சட்டியில் போட்டால் வராது. கறிக்கடையில் கால் பகுதியைத் தோலோடு, முழுசாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் பழக்கத்தில் உரித்துவிடுவார், கத்தியை எடுக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும். வீட்டில் துணியால் நன்றாக ஒற்றி, உப்பும் மிளகுத்தூளும் தடவி, முடிந்தால் முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜில் மூடாமல் ஒரு தட்டில் வையுங்கள், கீழ்த்தட்டில், வேறு எதன் மேலும் படாமல். தோல் காய்ந்து இறுகியிருக்க வேண்டும்.

அகலமான சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய், தோல் பக்கம் கீழே படும்படி வையுங்கள். மிதமான தீ. வைத்தபின் 12, 15 நிமிஷம் தொடாதீர்கள். நம் கைக்கு இதுதான் சிரமம், கிளறிக்கொண்டே இருந்து பழகிவிட்டது. தோலிலிருந்து கொழுப்பு உருகி அதிலேயே அது பொரியும், சிவந்ததும் தானாகவே சட்டியை விட்டுவிடும், விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். திருப்பிப் போட்டு, மூடி, சின்னத் தீயில் இன்னொரு 15 நிமிஷம். எலும்புப் பக்கம் குத்திப் பார்த்தால் ரத்தச் சாயல் இல்லாமல் தெளிந்த நீர் வர வேண்டும். கோழியை எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள்.

இப்போது சட்டியைப் பாருங்கள். அடியில் செம்பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரணமாக என்ன செய்கிறோம்? தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, நார் போட்டுத் தேய்த்துக் கழுவி ஊற்றிவிடுகிறோம். உங்கள் மகன் சொல்கிற ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது! கொழுப்பு அதிகமாக இருந்தால் வடித்துவிட்டு, பத்து சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி அதில் வதக்கி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சுரண்டுங்கள். ஒரு துளி விடாமல் சுரண்டுங்கள். தண்ணீர் பாதியாக வற்றியதும் தீயைக் குறைத்து மூன்று ஸ்பூன் க்ரீம், அல்லது வீட்டுப் பாலாடையை அடித்துச் சேர்த்து, கடைசியாக அடுப்பை அணைத்தபின் ஒரு ஸ்பூன் கடுகு விழுது. க்ரீம் போட்டபின் கொதிக்கவிட்டால் திரியலாம். கடுகின் காரம் சூட்டில் ஓடிப்போகும், அதனால்தான் கடைசியில்.

கடுகு விழுதை வாங்கவே வேண்டாம். நம் கடுகு 50 கிராமை, முங்குகிற அளவு வினிகரும் தண்ணீரும் கலந்து ராத்திரி ஊறவைத்து, உப்பும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்து மிக்ஸியில் அரைத்து பாட்டிலில் வைத்தால் ஆயிற்று. அரைத்த அன்றைக்குக் கசக்கும், இரண்டு நாள் விட்டால் சரியாகிவிடும்.

கோழியைத் தோல் மேலே பார்க்க வைத்து, சாறைப் பக்கத்தில் ஊற்றுங்கள். மேலே ஊற்றினால் மொறுமொறுப்பு போய்விடும், கால் மணி பட்ட பாடு வீணாகும்.

சமையலுக்கு வைன் ஊற்றச் சொல்கிறார்கள். கொதித்தால் சாராயச் சத்து முழுக்கப் போய்விடும் என்பது உண்மையா? வேண்டாம் என்றால் என்ன போடுவது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

முழுக்கப் போகாது. அரை மணி கொதித்தாலும் மூன்றில் ஒரு பங்கு போலத் தங்கிவிடும், இரண்டரை மணி நேரம் வெந்தால்தான் மிகக் குறையும். குடும்பத்தில் வேண்டாம் என்றால் வேண்டாம், ருசிக்காக யாரையும் ஏமாற்றிச் சாப்பிட வைக்கக் கூடாது. வைன் தருவது புளிப்பும் பழச்சாற்றின் மணமும். சிவப்பு வைன் இடத்தில் பன்னீர் திராட்சையைத் தோலோடு கொதிக்கவைத்துப் பிழிந்த சாறு அரை டம்ளர், ஒரு ஸ்பூன் வினிகர். வெள்ளை வைன் இடத்தில் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை சர்க்கரை. நன்றாகவே இருக்கும்.

மீன் என்றால் குழம்பு, வறுவல் இரண்டுதான் எங்கள் வீட்டில். மிளகாய்த்தூள் இல்லாமல் மீன் சமைத்தால் கவுச்சி அடிக்காதா?
– வாசகி, வீராம்பட்டினம்

கடற்கரையிலேயே இருக்கிறீர்கள், உங்களுக்குக் கவுச்சிப் பயமே வேண்டாம். அன்றைக்குப் பிடித்த மீனில் கடல் வாசனைதான் இருக்கும், கவுச்சி பழைய மீனுக்கு வருவது. மிளகாய்த்தூளை நான் குறை சொல்லவில்லை, ஆனால் நல்ல மீன் கிடைக்கிற ஊரில் வாரத்தில் ஒரு நாளாவது மீனின் ருசியை மீனாகவே சாப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

பிரான்சில் மெனியேர் என்று ஒரு முறை இருக்கிறது, மாவு தொட்டு வெண்ணெயில் பொரிப்பது. அங்கே அதற்குப் பேர்போன மீன் சோல். அந்த ஜாதியில் நம் கடலில் கிடைப்பது நாக்கு மீன், தட்டையாக நாக்குபோல இருக்குமே அதுதான், நம் ஆட்கள் அவ்வளவாகச் சீந்துவதில்லை. அது இல்லாவிட்டால் வவ்வால், சங்கரா, கொடுவாய்த் துண்டு எதுவும் சரி. மத்தி, அயிலை வேண்டாம், எண்ணெய் மீனுக்கு இந்த முறை திகட்டும், அவற்றுக்கு நம் புளிக்குழம்புதான் சிறப்பு.

நாக்கு மீனின் தோலை வால் பக்கம் கீறிப் பிடித்து இழுத்தால் ஒரே உரியாக வந்துவிடும். கைக்குக் கொஞ்சம் கல்லுப்பு தொட்டுக்கொண்டால் வழுக்காது. கழுவி, துணியால் ஈரமில்லாமல் ஒற்றி, உப்பும் மிளகும் தூவி, மைதாவில் புரட்டி, கையில் தூக்கித் தட்டி அதிகப்படி மாவை உதறிவிடுங்கள். மாவு படலமாக இருக்க வேண்டும், பஜ்ஜி மாவு மாதிரி மொத்தையாக இருக்கக் கூடாது. மாவு தொட்டதும் உடனே சட்டிக்குப் போக வேண்டும், ஊறவிட்டால் பிசுபிசுத்துவிடும். வாணலியில் எண்ணெயும் கொஞ்சம் நெய்யும் காய்ந்ததும் போட்டு, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம். எடுத்துத் தட்டில் வையுங்கள்.

அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு, அதே வாணலியில் ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு புது வெண்ணெய். முதலில் சலசலவென்று நுரைக்கும், அது தண்ணீர் போகிற சத்தம். சத்தம் அடங்கியதும் கண்ணை எடுக்காதீர்கள். நுரைக்கு அடியில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் தெரியும், முந்திரி வறுக்கிற மணம் வரும். அந்த நிமிஷமே அரை மூடி எலுமிச்சை பிழிந்து, பொடியாக நறுக்கிய கொத்தமல்லித் தண்டு ஒரு பிடி போட்டு, நுரைக்க நுரைக்க மீனின் மேல் ஊற்றுங்கள். அரை நிமிஷம் பிந்தினால் கறுத்துவிடும். எல்லோரும் இலையில் உட்கார்ந்தபின் செய்கிற வேலை இது, முன்கூட்டிச் செய்து மூடி வைக்கிற பண்டம் இல்லை.

எங்கள் பாட்டி குசினியில் செய்த பிரெஞ்சுச் சமையலுக்கும் இப்போது கடற்கரைப் பக்கம் உணவகங்களில் கிடைக்கிற பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லையே. எது அசல்?
– வாசகர், முத்தியால்பேட்டை

இரண்டும் அசல்தான், ஊர் வேறு. உணவகத்தில் கிடைப்பது பிரான்சின் சமையல். உங்கள் பாட்டி செய்தது புதுச்சேரியின் சமையல். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து குடியேற்றத்தை நிறுவியதிலிருந்து 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறுகிற வரைக்கும், நடுநடுவே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடித்திருந்த காலம் போக, இங்கே பிரெஞ்சு ஆட்சி. அத்தனை தலைமுறையாக வீட்டுச் சமையல்காரர்களும், ஐரோப்பிய, இந்தியக் கலப்பில் வந்த கிரியோல் குடும்பத்துப் பெண்களும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த சொல்தா வீட்டுக்காரர்களும் இங்கே கிடைத்ததை வைத்து ஆக்கியது அது. க்ரீமுக்குத் தேங்காய்ப்பால், தழைகளுக்குக் கறிவேப்பிலை, அப்புறம் வியட்நாமில் இருக்கிற சைகோனுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த நெம் என்ற பொரித்த சுருள் என்று எல்லாம் கலந்தது. அதை எந்த உணவகத்து அட்டையிலும் தேடாதீர்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் நின்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிரான்சில் பெரிய சமையல்காரர்கள் 'வடுவான்' என்று ஒரு மசாலாவைக் கொண்டாடுகிறார்கள், மீனுக்கும் க்ரீம் சாறுக்கும் தூவுகிறார்கள். நம் தாளிப்பு வடகத்தின் வழிவந்ததுதான் அது. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், சீரகம், உளுந்து, மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிச் சித்திரை வெயிலில் காயவைப்போமே, அதே. உங்கள் வீட்டில் வடகம் இருந்தால் ஒரு உருண்டையில் கால்வாசியை வெண்ணெயில் மெதுவாகப் பொரித்து, மேலே லாஸ்பேட்டை வாசகிக்குச் சொன்ன கோழிச் சாற்றில் கடுகு விழுதுக்குப் பதிலாகச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் பாட்டியும் ஒத்துக்கொள்வார்.

வெண்ணெய், சீஸ், க்ரீம் என்று எழுதுகிறீர்கள். இதெல்லாம் வசதியுள்ளவர்கள் சாப்பாடு. எங்களைப்போல் மாதச் சம்பளக்காரர் வீட்டில் முடியுமா?
– வாசகர், கடலூர் திருப்பாதிரிப்புலியூர்

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நான் எழுதுகிற பண்டங்களில் முக்கால்வாசி பிரான்சில் இல்லாதப்பட்டவர் வீட்டில் பிறந்தவை. காய்ந்துபோன ரொட்டியைத் தூக்கி எறிய மனமில்லாமல் வெங்காயத் தண்ணீரில் போட்டதுதான் அந்த சூப். முட்டையும் பாலும் சர்க்கரையும் கலந்து காய்ந்த ரொட்டியை ஊறவைத்து வாட்டுவது இன்னொன்று. வைனில் மணிக்கணக்காக வேகவைக்கிற சேவல் கறி, வயசாகி வெட்டிய முரட்டுச் சேவலை மெல்லுகிற பதத்துக்குக் கொண்டுவரச் செய்த உபாயம். உருளைக்கிழங்கையே பிரான்சில் மாட்டுக்கும் பன்றிக்கும் போடுகிற சாமான் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள், 18ஆம் நூற்றாண்டில் பர்மாந்தியே என்பவர் அதை மனிதர் சாப்பிடலாம் என்று எடுத்துச் சொல்லி நடையாய் நடந்தார். மிச்சக் கறியின் மேல் மசித்த கிழங்கைப் பரப்பிச் சுடுகிற பண்டத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

நீங்கள் உருளைக்கிழங்கு சூப்பிலிருந்து ஆரம்பியுங்கள். வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி ஒரு கட்டு, இரண்டு ஸ்பூன் வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, அரை கிலோ உருளைக்கிழங்கு, ஒரு லிட்டர் தண்ணீர், உப்பு. வெந்ததும் மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் ஓட்டினால் பசை மாதிரி ஆகிவிடும், மத்துதான் சரி. பாண்லே பாலோ ஆவின் பாலோ அரை டம்ளர், மிளகுத்தூள், மேலே பச்சைத் தாள் நறுக்கியது. நாலு பேர் வயிறு நிறையும். க்ரீம் இல்லை, சீஸ் இல்லை, ஆனால் சாப்பிடுகிறவர் இதில் எவ்வளவு க்ரீம் போட்டாய் என்று கேட்பார், கிழங்கின் மாவுச்சத்து அந்த வேலையைச் செய்கிறது.

பிள்ளைகள் கத்தரிக்காயைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். ஏதாவது பிரெஞ்சு வழி உண்டா?
– வாசகி, பாகூர்

ரத்தத்தூய் இருக்கிறது. தெற்கு பிரான்சில் நீஸ் என்ற கடலோர ஊர்ப் பண்டம். கத்தரிக்காய், சுக்கினி, குடமிளகாய், தக்காளி, வெங்காயம், பூண்டு. சுக்கினி தேடி அலைய வேண்டாம், பிஞ்சுப் பீர்க்கங்காய் போடுங்கள். நம் கூட்டு மாதிரி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தால் காய்கள் தண்ணீர் விட்டு ஒன்றின் ருசி ஒன்றில் மறைந்துவிடும், பிள்ளைகள் தொடாததற்கும் அந்தக் கொழகொழப்புதான் காரணமாக இருக்கும். கத்தரிக்காயைக் கட்டைவிரல் அளவு வெட்டி உப்புப் பிசறி அரை மணி வைத்து, பிழிந்து, கடலை எண்ணெயில் தனியாக ஓரம் சிவக்கப் புரட்டி எடுங்கள். பீர்க்கங்காய் தனி, குடமிளகாய் தனி. அப்புறம் வெங்காயம், பூண்டு, தோலுரித்த தக்காளி தொக்குப் பதத்துக்கு வந்ததும் எல்லாக் காயையும் சேர்த்து, ஓமவல்லி இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டு, கால் மணி சிம்மில். சுடச்சுட வேண்டாம், ஆறவிடுங்கள். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். பிள்ளைகளுக்கு முதலில் ரொட்டியின் மேல் தடவிக் கொடுத்துப் பாருங்கள்.

வெள்ளைச் சாறு, அதுதான் மைதாவும் பாலும் போட்டுச் செய்வது, எப்போதும் கட்டி கட்டியாகிறது.
– வாசகி, அரியாங்குப்பம்

50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா, அரை லிட்டர் பால். மாவை வெண்ணெயில் இரண்டு நிமிஷம் நுரைக்க வறுங்கள், சிவக்கக் கூடாது, பச்சை வாசனை மட்டும் போக வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு முதலில் ஒரு குழிக்கரண்டிப் பாலை ஊற்றி விழுதாகக் குழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீதி. எல்லாம் கலந்தபின்தான் மறுபடி அடுப்பு. ஜாதிக்காய் ஒரு இழைப்பு. இது கைவந்துவிட்டால் வேகவைத்த காலிஃப்ளவர் மேல் ஊற்றி, ரொட்டித்தூள் தூவி ஓவனில் சிவக்கவிடலாம்.

ஓவன் இல்லாமல் கேரமல் புட்டிங் செய்ய முடியுமா? எனக்கு எப்போதும் ஓட்டை ஓட்டையாக, பஞ்சு மாதிரி வருகிறது.
– வாசகி, பண்ருட்டி

இட்லிப் பானை போதும். ஓட்டை விழுவது தீ அதிகமானதால், முட்டை தேவைக்கு மேல் வெந்து இறுகித் தண்ணீரைக் கக்கிவிடுகிறது.

அரை டம்ளர் சர்க்கரையை இரண்டு ஸ்பூன் தண்ணீரோடு காய்ச்சுங்கள். வெளிர் பொன்னிறத்தில் நிறுத்திவிட்டால் வெறும் இனிப்புத்தான் இருக்கும், செம்மண் நிறம் வந்து மெல்லிய புகை கிளம்பத் தொடங்குகிற வரை போங்கள், லேசான கசப்பு சேர்ந்தால்தான் பாலின் இனிப்புக்கு ஈடு. ஸ்டீல் கிண்ணத்தில் ஊற்றிச் சுழற்றுங்கள், கை ஜாக்கிரதை. அரை லிட்டர் பாலைக் காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறவிட்டு, 4 முட்டை, 80 கிராம் சர்க்கரையை நுரைக்காமல் கலக்கி அதில் சேர்த்து வடிகட்டி ஊற்றுங்கள். ஏலக்காய் வேண்டாம், வெனிலா இருந்தால் நாலு சொட்டு, இல்லாவிட்டால் எலுமிச்சைத் தோல் ஒரு துண்டு பாலில் போட்டுக் காய்ச்சி எடுத்துவிடுங்கள். கிண்ணத்தை ஒரு தட்டால் மூடுங்கள், இல்லாவிட்டால் மூடியில் சேருகிற நீர் சொட்டும். பானையின் அடியில் துணி விரித்து, கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு வெந்நீர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் ஒரு குமிழ் இரண்டு குமிழ் வருகிற அளவுக்குத் தீ. 35, 40 நிமிஷத்தில் ஓரம் இறுகி நடு மட்டும் லேசாக ஆடும். அப்போதே இறக்குங்கள், ஆறும்போது நடுவும் இறுகிவிடும். முழுசாக இறுகட்டும் என்று காத்திருந்தால் மறுபடி பஞ்சுதான்.

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். அடியிலிருக்கிற கேரமல் கரைந்து பாகாக அவ்வளவு நேரம் பிடிக்கும். மறுநாள் ஓரத்தைக் கத்தியால் ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்த்தால் உடையாமல் வந்துவிடும்.